ஃபார்வர்டு அழுத்தும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று வரும் சங்கிலி மின்னஞ்சலையும், கேட்காமலே வந்து குவியும் குப்பை மின்னஞ்சலான ஸ்பேமையும் நாம் தனித்தனித் தொல்லைகளாகப் பார்க்கிறோம். ஆனால் முதலாவதுதான் இரண்டாவதற்குத் தீனி போடுகிறது.

அப்படி வந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்து கடைசி வரை இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு 'ஃபார்வர்டட் மெசேஜ்' கோட்டுக்குக் கீழேயும், முன்பு அனுப்பியவர் சிசி பெட்டியில் போட்ட முகவரிகள் பெயரோடு வரிசையாகக் கிடக்கும். ஐந்து கை மாறியிருந்தால், கைக்குப் பத்து வீதம் ஐம்பது முகவரிகள். எல்லாமே புழக்கத்தில் இருப்பவை. பெறுபவர்களில் ஒருவரின் கணினியில் முகவரி திருடும் மால்வேர் என்ற தீய மென்பொருள் இருந்தாலே போதும், ஐம்பதும் ஸ்பேம் அனுப்புவோர் கைக்குப் போய்விடும். ஆளுக்குப் பத்துப் பேர் என்றால் ஆறாவது சுற்றிலேயே பத்து லட்சம் மின்னஞ்சல்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நல்லெண்ணத்தில் அனுப்புவதும் கெடுதலாக முடியலாம். 2002-இல் பரவிய ஒரு புரளி, கரடி பொம்மை ஐகான் கொண்ட ஒரு கோப்பை வைரஸ் என்று சொல்லி அழிக்கச் சொன்னது. தேடியவர்களுக்குக் கோப்பு கிடைத்தது, கிடைத்ததாலேயே நம்பினார்கள். உண்மையில் அது விண்டோஸோடு வரும் கோப்பு.

செய்தி உண்மைதானா என்று பார்த்த பிறகும் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், ஃபார்வர்டு பொத்தானைத் தொடாதீர்கள். விஷயத்தை மட்டும் நகலெடுத்துப் புது மின்னஞ்சலில் ஒட்டுங்கள். 'டு' பெட்டியில் உங்கள் முகவரி, மற்ற எல்லோரும் பிசிசியில்; அதில் போட்ட முகவரிகள் மற்றவர்களுக்குத் தெரியாது. வந்த சங்கிலியைக் கண்டிப்பதானால் அனுப்பியவருக்கு மட்டும் எழுதுங்கள். ஐம்பது பேர் உள்ள மின்னஞ்சலுக்குப் பத்துப் பேர் 'ரிப்ளை ஆல்' கொடுத்து 'என்னை நீக்குங்கள்' என்றால், அதுவே ஏறக்குறைய ஐந்நூறு மின்னஞ்சல்.

ஸ்பேமை வெறுமனே அழித்தால், அதைப் பிரித்தெடுக்கும் மின்னஞ்சல் சேவையின் வடிகட்டி எதையும் கற்காது. 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுத்தால்தான் கற்கும். முன்பின் தெரியாதவரின் ஸ்பேமில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' (பட்டியலிலிருந்து விலகும்) இணைப்பைச் சொடுக்காதீர்கள். முகவரி உயிரோடு இருப்பதை நீங்களே உறுதிப்படுத்தியதாகிவிடும். படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்தி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்; படம் திறந்தாலே நீங்கள் மின்னஞ்சலைப் பார்த்தது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடக்கூடும். நீங்களே விரும்பிச் சேர்ந்த செய்திமடல் அலுத்துவிட்டால் மட்டும் அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள், ஸ்பேம் என்று புகார் செய்யாதீர்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புவோரின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கேட்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேர் அவசரத்தில் அழுத்தினாலே நேர்மையான மடலும் மற்றவர்களின் ஸ்பேம் பெட்டிக்குப் போகக்கூடும்.

நண்பர் பெயரில் ஸ்பேம் வந்தால் உடனே அவரைத் திட்டாதீர்கள். அனுப்புநர் பெயரை யாரும் போலியாகப் போடலாம். முதலில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். முகவரியும் அவருடையதே என்றால், ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' திறங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று வரிகள் தெரியும்; மின்னஞ்சல் உண்மையிலேயே அந்த முகவரியின் சேவையிலிருந்து வந்ததா என்று சோதித்த முடிவுகள் இவை. டிமார்க் 'ஃபெயில்' என்றால் பெரும்பாலும் போலி. மூன்றும் 'பாஸ்' என்றால் அவருடைய கணக்கே பறிபோயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மின்னஞ்சலில் எச்சரித்துப் பயனில்லை, திருடனும் அதைப் படிப்பான். தொலைபேசியில் கூப்பிட்டுக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்