நெருங்கி வந்து சுடுகிறவன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டும் முளைத்துவிட்டதாக மருமகள் சொன்னாள். பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

விச்சிடாவில் உங்களோடு இருந்த ஆறு மாதமும், மத்தியானத்தில் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நான் 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பேன் அல்லவா? இந்தக் கறுப்பு வெள்ளைத் துப்பாக்கிச் சண்டையில் அப்படி என்னம்மா இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாய். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வில் தவறிவிட்டதாக நீ தொலைபேசியில் சொன்ன இரவிலிருந்து, அந்தத் தொடரின் முதல் கதையே என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

1955 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான கதை அது. நடிகர் ஜான் வெய்ன் தாமே திரையில் தோன்றி, டாட்ஜ் சிட்டி என்ற ஊரின் மார்ஷலான, அதாவது காவல் அதிகாரியான, மாட் டில்லனாக நடிக்கும் ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற இளைஞரை அறிமுகப்படுத்தி வைத்தார். இருபது ஆண்டுகள், 635 கதைகள் என்று ஓடப்போகிற தொடருக்கு அதுதான் வாசற்படி. நாயகனின் வீரத்தைக் காட்டித் தொடங்குவதுதானே வழக்கம்? இவர்களோ அவரைத் தோற்கடித்துத் தொடங்கினார்கள்.

கதை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டான் கிராட் என்ற கொலைகாரன் டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்கிறான். டெக்சாஸிலிருந்து அவனைத் தேடி வந்த அதிகாரி ஒருவர் அவன் கையால் மாள்கிறார். அவனைக் கைது செய்யச் செல்லும் மாட் டில்லனையும் அவன் சுட்டு வீழ்த்திவிடுகிறான். உறையிலிருந்து துப்பாக்கியை உருவும் வேகத்தில் மார்ஷல் அவனுக்கு ஈடாகவில்லை. ஊரார் கண் முன்னாலேயே விழுகிறார். அவர் படுக்கையில் கிடக்கும் நாட்களில் கிராட் அந்த ஊரில் வைத்ததே சட்டமாகிறது.

அடுத்து வருகிற பகுதியைத்தான் நீ பார்க்க வேண்டும். டாக்டரின் பராமரிப்பில் கிடக்கும் மாட், தாம் வீழ்ந்த அந்த நொடியை மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். கிராட் வேகமானவன் என்பது ஊருக்கே தெரியும். சுடுவதற்கு முன் அவன் எதிராளியை ஒட்டி நெருங்கி வந்துவிடுகிறான் என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. ஏன் நெருங்குகிறான்? தூரத்திலிருந்து சுட்டால் அவனுக்குக் குறி தப்பும். காயம் முழுதும் ஆறுவதற்குள் எழுந்து மறுபடியும் அவனை எதிர்கொள்ளும் மாட், இம்முறை எட்டவே நின்றுகொள்கிறார். கிராட் முந்திச் சுடுகிறான், குறி தவறுகிறது. மாட் நிதானமாகக் குறிபார்த்துச் சுடுகிறார். படுத்து எழுந்ததால் மாட் டில்லனின் கை வேகம் கூடிவிடவில்லை, தம்பி. நிற்கும் இடத்தை மட்டுமே அவர் மாற்றிக்கொண்டார்.

ஆர்னஸுக்குக் காயத்தோடு எழுந்து நிற்பது நடிப்புக்காகக் கற்ற வித்தையன்று. 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் அவருடைய வலக்காலில் குண்டு பாய்ந்தது; அந்த வலி ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமான அந்த மனிதர் மெல்ல நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உண்மையான டாட்ஜ் சிட்டியிலும் இந்த நெருக்கம் ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. 1872இல் ரயில் பாதை வந்து சேர்ந்த பிறகு, டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டி வந்தவர்களால் நிரம்பிய ஊர் அது. 1878 ஏப்ரலில் எட் மாஸ்டர்சன் என்ற மார்ஷல், குடித்திருந்த மாட்டுக்காரன் ஒருவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்க முயன்றபோது சுடப்பட்டார். குழல் முனை உடம்பில் அழுந்தும் அளவுக்கு நெருக்கமாகச் சுட்டதில் அவருடைய மேற்சட்டையே தீப்பற்றிக்கொண்டது. எரியும் சட்டையோடு தெருவைக் கடந்து ஒரு மதுக்கடை வரை நடந்து சென்று அங்கே சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 25, உன்னைவிட இளையவர். தூரத்தைப் பற்றி யோசித்துப் பார்க்க அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

உனக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த தேதியைக் குறித்துவிட்டதாகச் சொன்னாய். இரவு பகலாகப் படிப்பதாகவும் சொன்னாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சின்ன வயதிலிருந்தே நீ உழைப்புக்கு அஞ்சியவன் அல்லன். ஆனால் அன்று அந்த அறையில் எந்தக் கேள்வியில் தடுமாறினாய், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லப் போனாயா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்கினாயா என்பதை நீ இதுவரை என்னிடம் சொல்லவில்லை. உன்னிடமாவது சொல்லிக்கொண்டாயா? வெட்கமாக இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்து, அந்த ஒரு மணி நேரத்தை முதலிலிருந்து நினைத்துப் பார். மறுபடி தோற்பாயோ என்று நான் பயப்படவில்லை. எதனால் தோற்றாய் என்று தெரியாமலே மறுபடி போய் நிற்பாயோ என்பதுதான் என் கவலை.

தேர்வு முடிந்ததும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு டாட்ஜ் சிட்டிக்குப் போகலாம் என்றிருந்தாயே, போய் வா. 'ஃபிரன்ட் ஸ்ட்ரீட்' என்ற அந்த ஊரின் பழைய முதன்மைத் தெருக் கட்டடங்கள் 1885இல் தீயில் போய்விட்டன. 'பூட் ஹில்' அருங்காட்சியகத்தில் அதே போல மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவின் ஒரு முனையில் நீ நின்றுகொண்டு மருமகளை மறுமுனையில் நிற்கச் சொல். அவள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரிய எத்தனை அடி நெருங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா