குக் கவுண்டி, டூபேஜ் கவுண்டி: கணேசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி போட்டோவை நானும் சரோஜாவும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூக்கு அப்படியே உன் அம்மா மூக்கு. முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனாயா இல்லையா என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். தள்ளிப்போடாதே.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய்: "அங்கே உழைக்கிறவன் எவனும் மேலே வந்துவிடலாமாமே, நிஜமா?" நம் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றும். இத்தனை காலம் சிகாகோ பக்கம் இருந்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே ஒரு ஏழைப் பிள்ளை தலையெடுக்குமா என்பதில், அது எந்தக் கவுண்டியில் வளர்கிறது என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள். சிகாகோ நகரம் குக் கவுண்டியில் இருக்கிறது. மேற்கே அதை ஒட்டியே டூபேஜ் கவுண்டி. நாங்கள் குடியிருக்கும் நேப்பர்வில்லில் பெரும்பகுதி டூபேஜில்தான். ஹார்வர்டு பேராசிரியர் ராஜ் செட்டியும் நத்தானியல் ஹென்ட்ரனும் 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இடம் மாறிப்போன குடும்பங்களின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை, வரிக் கணக்குகளை வைத்துத் தொடர்ந்து பார்த்த ஆய்வு. நாட்டின் 100 பெரிய கவுண்டிகளில் ஏழைப் பிள்ளைகள் வளர நல்ல இடம் எது என்று பார்த்தபோது டூபேஜ் முதலில் வந்தது, பால்டிமோர் நகரம் கடைசியில். டூபேஜில் கழியும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பிள்ளையின் பிற்கால வருமானத்தை 0.8 சதவீதம் அளவுக்குக் கூட்டுகிறது. குக் கவுண்டியில் அது குறைகிறது. பிறந்ததிலிருந்து அங்கே வளர்வதற்கும் இங்கே வளர்வதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 30 சதவீதம். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம் இது!

நல்ல இடத்துக்குப் போகிற குடும்பமே கொஞ்சம் சூட்டிகையான குடும்பமாக இருக்கலாமே என்று நீ கேட்பாய். அவர்களும் அதை யோசித்திருக்கிறார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டார்கள். ஒரே தாய் தகப்பன், ஒரே நாளில் வீடு மாறுகிறார்கள். சின்ன வயதில் வந்ததால் புது இடத்தில் அதிக வருஷம் வளர்ந்த தம்பிக்கு, அண்ணனைவிடக் கூடுதல் பலன் கிடைத்திருக்கிறது.

செட்டி டெல்லியில் பிறந்து, 9 வயதில் இங்கே வந்தவர், தமிழ்க் குடும்பம். தாய் வீட்டிலும் தகப்பன் வீட்டிலும் ஒரு பிள்ளையை மட்டுமே மேலே படிக்கவைக்க முடிந்தது. அந்த ஒரு பிள்ளையாக அமைந்தவர்கள் தன் பெற்றோர் என்று அவரே சொல்லியிருக்கிறார். படிக்காமல் நின்ற மற்றவர்களின் பிள்ளைகள் வாழ்க்கை வேறு பாதையில் போனதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வியே தனக்குள் எழுந்தது என்கிறார். எத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தாய், உனக்கு இதை விளக்கவா வேண்டும்?

நான் வேலைக்குப் போகிற ரயில் சிசரோ என்ற ஊரைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்ததும் நார்த் லான்டேல் பக்கமாகப் போகும். 1950களில், பத்தே வருஷத்தில், வெள்ளையர்கள் காலி செய்து கறுப்பினத்தவர் குடிவந்த பகுதி. என்னோடு வேலை செய்யும் ஒருவர் அங்கே வளர்ந்தவர். அவருடைய பாட்டி வீடு வாங்கிய கதையைப் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் கறுப்பர்கள் இருக்கும் தெருவுக்கு அரசாங்கம் வீட்டுக்கடன் உத்தரவாதம் தராது, பேங்கும் கடன் தராது. அதனால் இடைத்தரகனிடம் 'கான்ட்ராக்ட்' எழுதி, சந்தை விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை பேசி, தவணையில் வாங்கினார்களாம். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவன் பெயரில்தான். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. பாட்டி இரண்டு வேலை பார்த்திருக்கிறார். ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைப்பாராம். அந்தப் பூட்டின் சாவியை இவர் இன்னமும் வைத்திருக்கிறார். டின்னும் இல்லை, வீடும் இல்லை. இப்படி சிகாகோ கறுப்பினக் குடும்பங்கள் இழந்தது 300 கோடி டாலருக்கும் மேல் என்று 2019இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்தாற்போல் வேலைகளும் போயின. சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனியின் தலைமையகம் 1970களில் அங்கிருந்து கிளம்பியது. சிசரோவில் டெலிபோன் செய்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலை 1980களில் மூடியது.

பள்ளிக்கூடச் செலவில் பெரும்பகுதி உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருவதை இதோடு சேர்த்துப் பார். வீட்டு மதிப்பு விழுந்த இடத்தில் பள்ளிக்கூடமும் விழும்.

இதை மாற்ற முடியாது என்பதில்லை. டோரதி காட்ரோ என்ற பெண்மணியும் வேறு சிலரும் ஏழைகளுக்கான அரசாங்க வீடுகளைக் கறுப்பர் பகுதிகளிலேயே கட்டுகிறார்கள் என்று 1966இல் சிகாகோ வீட்டுவசதி ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1976இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதன் பலனாக 1998 வரை சுமார் 7,000 குடும்பங்கள் வாடகை உதவியோடு வேறு இடங்களுக்குப் போயின, பாதிக்கு மேல் புறநகர்களுக்கு. பிறகு சிகாகோ உட்பட ஐந்து நகரங்களில், ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இடம் மாற வாடகை உதவி கொடுத்துச் சோதித்தார்கள். 13 வயதுக்குள் வறுமை குறைந்த இடத்துக்கு மாறிய பிள்ளைகள் இருபதுகளில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் மனதைப் பிசைவது இதுதான், கணேசா. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஒரு ஊர் தள்ளிப்போடும்போது ஏதோ ஒரு பிள்ளையின் வயது கடந்துபோகிறது.

இடம் மட்டுமே எல்லாம் என்றும் சொல்லமாட்டேன். ஒரே தெருவில், ஒரே வருமானமுள்ள வீட்டில் வளர்ந்தாலும் கறுப்பினப் பையன்கள் வெள்ளைப் பையன்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள் என்று 2018இல் இதே குழு காட்டியது. லான்டேல்காரர்கள் எல்லோரையும் டூபேஜுக்குக் கொண்டுவரவும் முடியாது. லான்டேலே பிள்ளைகள் வளர நல்ல இடமாக வேண்டும்.

ஆனால் கதவைச் சாத்திவைப்பதற்கு அதெல்லாம் சாக்கு ஆகாது. பக்கத்து ஊரில் குறைந்த வாடகை அடுக்குமாடி கட்ட ஒரு திட்டம் வந்திருக்கிறது. மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எழுந்தவர்கள் எல்லோரும் டிராஃபிக், பார்க்கிங், பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று பேசினார்கள். அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள், அது எனக்கு வலித்தது. நாம் இங்கே வந்து இறங்கும்போது கையில் பட்டம், கம்பெனி கொடுத்த விசா, வீட்டுக்கடன் கொடுக்கத் தயாராக பேங்க். அந்தப் பாட்டிக்கு இவற்றில் எது இருந்தது? நான் எழுந்து அதையே சொன்னேன். எங்கள் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2003இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள ஊர்கள் திட்டம் தீட்டித் தரவேண்டும். அதையும் எடுத்துச் சொன்னேன். கைதட்டியவர்கள் சிலர்தான். வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகள் இந்த ஊர்ப் பள்ளியில் சமையல்வேலை செய்துவிட்டுத் தினமும் இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகிறாள் என்றார்.

அடுத்த மாதம் வாக்கெடுப்பு. அந்த ஊரில் வீடு வைத்திருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களை இந்தச் சனிக்கிழமை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கப்போகிறேன். என்ன ஆனது என்று எழுதுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராமு