கருவி எங்கே இருக்கிறது என்பதையும் அறிவிப்பில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு இடங்களுக்கான அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழில் தவறாமல் பார்த்து வருகிறேன். கடலூரில் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், நானோ பொருட்களின் நிறமாலையியல், நுண்ணோக்கியியல் என்று தலைப்பிட்ட அறிவிப்பு கண்ணில் பட்டால், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு உடனே அனுப்பிவிடுவேன். கல்வித் தகுதி, இடஒதுக்கீடு, கடைசி நாள் எல்லாம் அவற்றில் ஒழுங்காகவே இருக்கின்றன. சேருகிற மாணவர் எந்தக் கருவியில் வேலை செய்வார், அதற்கான கட்டணத்தை யார் செலுத்துவார் என்பது மட்டும் இருப்பதில்லை.

இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான். காட்மியம் செலினைடு துகள் ஏறக்குறைய 2 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் நீலமாகவும், 6 நானோமீட்டர் அளவில் இருந்தால் சிவப்பாகவும் ஒளிரும். இத்தகைய குவாண்டம் புள்ளிகளுக்காகத்தான் 2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறத்தை, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி சொல்லிவிடும். அந்த நிறத்துக்குக் காரணமான அளவை நேரில் காட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும், ஏனெனில் சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆய்வேடு பாதியில் நின்றுவிடும்.

என்னிடம் படித்த மாணவி ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் இப்படிச் சேர்ந்தார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செம்பு வலைத்தட்டில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டு உலர்த்தி, டப்பாவில் வைத்து வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவார். மூன்று மாதம் கழித்து ஆறு படங்கள் மின்னஞ்சலில் வரும்; ஆறிலும் துகள்கள் அப்பிக்கொண்டு கிடக்கும். கருவியை இயக்குபவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், "ஐயா, தட்டைச் சற்று நகர்த்துங்கள், ஓரத்தில் தனித்தனியாக இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். மறுபடியும் கட்டணம், மறுபடியும் வரிசை. அதுவும் தம் உதவித்தொகையிலிருந்தே கட்டினார். (கைவசம் இருந்த அகச்சிவப்பு நிறமாலைமானிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்காற்று எமனாக வந்துவிடும்: மாதிரியைக் கலந்து அழுத்திச் செய்யும் பொட்டாசியம் புரோமைடு வில்லை ஈரம் இழுத்து மங்கிப்போக, நிறமாலையில் பொருளின் தடத்தை விடத் தண்ணீரின் தடம்தான் பெரிதாகத் தெரியும்.)

உதவித்தொகையைப் பற்றியும் "விதிகளின்படி வழங்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்ச்சி பெற்றவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறது. அந்தத் தேர்ச்சி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு வெகுகாலமாகக் கிடைத்து வந்தது 8,000 ரூபாய். இவ்வளவு பெரிய வித்தியாசம் அந்த ஒரு வரிக்குள் மறைந்து கிடக்கிறது. நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வே ஊதியத்தோடு கூடிய ஒப்பந்த வேலை. எத்தனை ஆண்டு, எவ்வளவு ஊதியம் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுவதால், நம் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

நம் பகுதியில் வசதியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பொதுக் கருவி மையங்கள் உள்ளன. 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாடு முழுவதும் எந்தக் கருவி எங்கே உள்ளது என்று தேடி முன்பதிவும் செய்யலாம். ஆனால் பேருந்துச் செலவும் கருவிக் கட்டணமும் யார் கணக்கில் சேரும் என்பதை நெறியாளர்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, ஆய்வு இடங்களை அறிவிக்கும் நிறுவனங்கள், கருவிகள் வளாகத்திலேயே உள்ளனவா, மாணவரே பயிற்சி பெற்று அவற்றை இயக்கலாமா, வெளியே அனுப்பும் மாதிரிகளுக்கான கட்டணம் திட்ட நிதியில் ஒதுக்கப்பட்டுள்ளதா, உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பவற்றை அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும். இவற்றையும் சேர்த்துத் தருமாறு, அறிவிப்பு தரும் நிறுவனங்களைத் தங்கள் நாளிதழும் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.