வகுப்பறைக்கு வெளியே கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். ஆசிரியப் பணியை ஏற்று வேற்று நாட்டுக்குக் குடிபெயர்ந்த எனக்கும் என் குடும்பத்தாருக்கும் முதல் கல்வியாண்டு நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. அதற்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

புறப்படுவதற்கு முன்பே உதவி தொடங்கிவிட்டது. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளுக்கிடையே சான்றிதழ்களுக்கு, அவை பிற நாட்டில் ஏற்கப்படும்படி வழங்கும் நாட்டின் அரசு இடும் அப்போஸ்டில் முத்திரை போதும் என்பதையும், இணையாத நாடென்றால் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும் என்பதையும், மூலச் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதையும் எனக்கு முன்பே அவ்வழியில் சென்ற மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுமையாக எடுத்துரைத்தார்.

அயல்நாட்டுக்குச் செல்வோர் தொடக்கத்தில் தேனிலவுக் காலம் போன்றதொரு மகிழ்ச்சியில் திளைப்பார்கள் என்று மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960இல் எழுதினார். வாடகைக்கு வீடு தேடுவோருக்கு அந்தத் தேனிலவு வாய்ப்பதில்லை என்பது என் எண்ணம். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு வீட்டு உரிமையாளர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். கணக்கு எண் இல்லாமல் சம்பளமும் வராது. என் பணி நியமனத்தையும் ஊதியத்தையும் உறுதிசெய்து பள்ளியின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாளில் கடிதம் தயாரித்து, தலைமையாசிரியரின் கையொப்பத்தையும் அன்றே பெற்றுத் தந்த அலுவலக ஊழியரால்தான் இந்தச் சுழல் அறுந்தது. அவர் அதைத் தம் அன்றாட வேலைகளுள் ஒன்றாகவே கருதியிருக்கக்கூடும். எங்களுக்கு அது கூரையாக அமைந்தது.

நோய் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுமாறு வற்புறுத்திய அண்டை வீட்டாருக்கும், என் துணைவியாருடன் பேருந்தில் கூடவே சென்று வழித்தடங்களைப் பழக்கிய அந்த அண்டை வீட்டாரின் மகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சக ஆசிரியை ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். நான் கேள்வி கேட்டால் வகுப்பு மௌனமாக இருக்கிறதே என்று வருந்தியபோது, அவர் அறிவுரை எதுவும் சொல்லாமல் கடைசி வரிசையில் வந்தமர்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நான் எத்தனை விநாடி காத்திருக்கிறேன் என்பதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கொடுத்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆய்ந்து கூறியதைப் பின்னர் விளக்கினார். பழக்கமில்லாத உச்சரிப்பைச் செவிமடுத்துப் பொருள்கொள்ளவும் மாணவர்களுக்கு நேரம் வேண்டுமல்லவா? அதன் பிறகு கைகள் உயரத் தொடங்கின. நான் வேகமாகப் பேசும்போது மேசையை மெல்லத் தட்டி நினைவூட்டிய மாணவர்களுக்கும் என் நன்றி உரியது.

எனக்கு முன் இப்பணியிலிருந்தவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டில், வீடு, வங்கி, வரி எண், மருத்துவப் பதிவு ஆகியவற்றை எந்த வரிசையில் முடிக்க வேண்டும் என்பதையும் இப்போது எழுதிச் சேர்த்திருக்கிறேன். அது பள்ளி அலுவலகத்தில் உள்ளது. அடுத்த பருவத்தில் பணியேற்க வரும் ஆசிரியர் அதைப் பெற்றுக்கொள்ளலாம். கடிதம் வாங்கவோ வீடு பார்க்கவோ துணை வேண்டுமெனில் நான் உடன் வருவேன்.

நன்றியுடன்,
உங்கள் சக ஆசிரியர்