பிரசவ விடுதியில் துணைக்கு ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரசவ விடுதியில் தாய்க்குத் துணையாக ஒருவரை அனுமதிப்பது பற்றித் தங்கள் நாளிதழ் கடந்த வாரம் எழுதிய தலையங்கத்தை முழுமனதோடு வரவேற்கிறேன். இடநெருக்கடியைக் காட்டி இதைத் தள்ளிப்போடுவது இனியும் தகாது. வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. தலைப்பிரசவத்தில் வலி 12 மணித்தியாலங்கள் நீடிப்பது புதிதல்ல. அத்தனை நேரமும் அவள் தனியே கிடக்க வேண்டுமா? என் மகள் கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் பிரசவ வலியில் துடித்தபோது, நான் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வாயிற்காவலரின் மேசையருகே விடியும்வரை நின்றேன். உள்ளே சிங்களத்தில் சொல்லப்பட்டது அவளுக்குப் பாதி விளங்கவில்லை. "இப்போது முக்காதே பிள்ளை, மூச்சை விடு" என்று தமிழில் சொன்னவர், பக்கத்துக் கட்டிலில் தானும் வலியோடு கிடந்த இன்னொரு கர்ப்பிணி! தாதியரைக் குறைகூற மாட்டேன்; ஒருவரே எத்தனை கட்டில்களைத்தான் பார்ப்பார்?

கட்டில்களுக்கிடையே திரைச்சீலை போடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. 36ஆவது வாரக் கிளினிக்கிலேயே துணைவரும் பெண்ணின் பெயரைக் கர்ப்பிணியின் பதிவேட்டில் குறித்து, அவர் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் அவரது மொழியிலேயே சொல்லிக் கொடுக்கலாம். கொழும்பின் பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு இதை முதலில் தொடங்க வேண்டும்.

ஒரு தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.