“தெரியாது ரீச்சர்” என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்பான உறவுகளே, அயலவர்களே, பள்ளிக்கூடத்து நண்பர்களே,

இந்த மடலில் யாருடைய பெயரும் இல்லை. பெயரைப் போட்டால் சிலர் வெட்கப்படுவார்கள், மில்காரர் அண்ணை கோபிக்கவும் கூடும். வாசிக்கும்போது அவரவருக்குத் தங்களைத் தெரியும்.

எனக்கு சீலியாக் நோய் என்று உறுதியாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டுகிற பிறபொருளெதிரியின் அளவு சாதாரண நிலைக்கு இறங்கிவிட்டது. ஈமோகுளோபின் ஏறியிருக்கிறது. மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போய் மூச்சு வாங்காமல் பாடம் தொடங்குகிறேன். இதற்கு மருந்து என்று ஒன்று இல்லை. ஆயுள் முழுக்கச் சாப்பாட்டில் கவனமாக இருப்பதுதான் வைத்தியம். ஆகவே இந்த முன்னேற்றத்தில் இரும்புக் குளிசைக்குப் பங்கு கொஞ்சம்தான். எனக்காகச் சமைத்தவர்கள், அரைத்தவர்கள், கழுவியவர்கள், வேண்டாம் என்று மறித்தவர்கள், இவர்களுடைய பங்குதான் பெரிது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் நோயை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற, குடலின் உட்பக்கத்துச் சின்ன விரல் போன்ற முளைகளைச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சடைமுளைகள் என்று படம் கீறிக் காட்டுகிறோமே, அவை தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு இரும்பும் கல்சியமும் விற்றமினும் வயிற்றுக்குள் போனாலும் இரத்தத்துக்குப் போகாது. அந்தப் படத்தை எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் கீறியவள் நான். என்னுடைய சடைமுளைகள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இது ஒட்டுகிற நோயும் அல்ல, ஒவ்வாமையும் அல்ல. உலகத்தில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கேள்விப்படுவதே குறைவு.

முதல் நன்றி, என் இரத்தச்சோகையை இரும்புக் குளிசையோடு விட்டுவிடாத அந்த வைத்தியருக்கு. “குளிசை ஒழுங்காப் போடுறீங்கள், இரும்பு ஏறுதில்லை. அப்ப உள்ள போற இரும்பு எங்க போகுது?” என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். இரத்தம் கொழும்புக்குப் போனது. பிறகு கமெரா விட்டுக் குடலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த இடைவெளியில் நான் பாணை விடப் பார்த்தபோது தாதி அக்கா ஒருவர் பிடிவாதமாக மறித்தார். பரிசோதனை எல்லாம் முடியும்வரை கோதுமை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டுமாம். முன்கூட்டியே நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கிவிடும், பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாது. வருத்தம் தருகிற சாப்பாட்டைத் தொடர்ந்து சாப்பிடு என்று ஒருவரிடம் சொல்வது லேசான வேலையல்ல. அக்கா, உங்களுக்கு நன்றி.

நேரில் சொல்ல முடியாத ஒரு நன்றியும் உண்டு. வில்லெம் டிக்கே என்ற ஒல்லாந்தச் சிறுவர் வைத்தியர், கோதுமைதான் இந்த நோயைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்தவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944 முடிந்து 1945 பிறக்கிற காலத்தில், அங்கே பாணுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஊரே பட்டினி கிடக்க, இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் பிள்ளைகள் திரும்பவும் வாடினார்கள். அவருக்கு முன்பிருந்தே இருந்த சந்தேகம் அப்போது பலப்பட்டது. 1950இல் ஆய்வேடாக எழுதினார். ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கோட்டை மட்டும்தான் கிடைத்தது என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

இனி வீட்டுக்கு வருகிறேன்.

நோயின் பெயர் தெரிந்த அன்றே மச்சாள் குசினியைத் தலைகீழாக்கினார். எனக்கு மட்டும் தனிச்சட்டி வைத்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் வைத்தியர் தந்த தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “ரெண்டு மாவும் ஒரே குசினியில நிண்டா ஒருநாள் பிழைக்கும்” என்றார். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியையும் சுளகையும் எடுத்து வெளியே வைத்தார். ஓலைப் பின்னலுக்குள் போன மாவை எந்தச் சவர்க்காரமும் எடுக்காது. அரிதட்டு புதிது, மர அகப்பை புதிது, தோசைக்கல் புதிது. திருநெல்வேலிச் சந்தையில் புது நீத்துப்பெட்டி வாங்கி வந்து, “இதில அரிசி மா மட்டும்” என்று ஓரத்தில் சிவப்பு நூல் கட்டிவிட்டார். அண்ணைக்குக் காலையில் பாண் இல்லாமல் ஏலாது. அவர் இப்போது விறாந்தைக் கரையில் நின்று, சுருட்டுக் குடிக்கிறவரைப் போலப் பாண் சாப்பிட்டு, கை வாய் கழுவித்தான் உள்ளே வருகிறார். அண்ணா, அதற்கும் நன்றி. கடைசியில் உங்கள் பெயரை உறவுமுறையில் போட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சோறுதானே சாப்பாடு, இந்த நோய்க்கு இங்கே என்ன கஷ்டம் என்று வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் கேட்கிறார்கள். சோற்றில் கஷ்டமில்லைத்தான். சோறு இல்லாத வேளைகளில்தான் கஷ்டம். எங்கள் தோசைக்கு உழுந்தோடு கோதுமை மா கரைக்கிறோம். புட்டு மென்மையாக வரட்டும் என்று அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலக்கிறோம். கடை இடியப்பத்தில் எந்த மா எவ்வளவு என்று விற்கிறவருக்கே தெரியாது. முறுக்குக்கும் அவித்த மா, பனங்காய்ப் பணியாரத்துக்கும் கோதுமை மா. நத்தார் கேக் ரவை. கடையில் வாங்குகிற கட்டிப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மா சேர்க்கிறார்கள். சுகமில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற மோல்ட் ரின்னில் இருப்பது பார்லி. என் சுகத்துக்காக அன்போடு வந்த மோல்ட் ரின்களெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் மில்காரர் அண்ணை வருகிறார்.

அரிசியை ஊறவிட்டு, வடித்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்பிப்பது எங்கள் எல்லோருடைய வழக்கமும்தான். அதே மில்லில்தான் மற்றவர்கள் கோதுமையும் அரைக்கிறார்கள். ஒரு துண்டுப் பாணில் குளூட்டன் கிராம் கணக்கில் இருக்கும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் சில மாதம் உள்ளே போனாலே குடல் பழுதாகும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மில்லின் மூலையில் ஒட்டியிருக்கிற மா அதற்குத் தாராளம். இதை நான் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “என்னால முழுசா உறுதி சொல்ல ஏலாது ரீச்சர். மிசினுக்குள்ள எங்கெங்க நிக்குதெண்டு எனக்கே தெரியாது. ஞாயிறு பூட்டுறனான், கழட்டித் துடைச்சுப் பாக்கிறன். பிறகு சொல்லுறன்,” என்றார்.

அடுத்த ஞாயிறு மில்லைக் கழற்றியேவிட்டார். தூரிகையால் தட்டி, துணியால் துடைத்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாராம். திங்கள் விடிய, வேறு யாரும் வருவதற்கு முன், தன் செலவில் கொஞ்ச அரிசியை முதலில் போட்டு ஓடவிட்டார். அந்த மா மாட்டுக்கு. அதற்குப் பிறகு விழுந்ததுதான் எனக்கு. இன்றுவரை அதே ஒழுங்கு. என் மிளகாயும் மல்லியும் அரைத்த கறித்தூளும் அந்தத் திங்கட்கிழமையில்தான். துடைப்பதற்கு மேலதிகக் காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. “உங்கட வடிவான எழுத்தில ஒரு பலகை எழுதித் தாங்கோ” என்றார். “திங்கள் காலை 8 மணி வரை கோதுமை அரைக்கப்படமாட்டாது” என்று எழுதிக் கொடுத்தேன். அதனால் அவர் இழந்த வாடிக்கையாளர்களும் உண்டு என்று பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

கூழ் காய்ச்சுகிற மாமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று எல்லாம் போட்டு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மா கரைத்து விடுகிற கூழில் கோதுமைக்கு வேலையே இல்லை. என் வருத்தத்துக்கென்றே செய்து வைத்த சாப்பாடு. ஆனாலும் மாமி மா வாங்கவில்லை. ஒடியலாக வாங்கி, தன் வீட்டு உரலில் இடித்து, புது அரிதட்டில் அரித்தார். எதற்கு இந்த வயதில் என்று கேட்டால், “வாங்கிற மாவில என்ன கலந்திருக்கெண்டு நான் கண்டனானே?” என்கிறார். எழுபது தாண்டிய மனுசி. குளூட்டன் என்ற சொல்லை இன்னும் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. மற்றதெல்லாம் சரியாகச் செய்கிறார்.

பள்ளிக்கூடத்தில் அதிபரும் ஆசிரியர் அறையும் என்னைச் சங்கடப்படுத்தாமல் பார்த்துக்கொண்டீர்கள். ஆசிரியர் தினத்துக்கு எல்லோருக்கும் கேக் வெட்ட, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எனக்கு மட்டும் எள்ளுருண்டையும் பனங்கட்டியும் தனிப்பெட்டியில் கொண்டுவந்தது. “அம்மா கையைக் கழுவிப்போட்டுத்தான் உருட்டினவா ரீச்சர்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னது. மகளே, உன் அம்மாவிடம் என் நன்றியைச் சொல்லு.

பள்ளிக்கூட வாசலில் தேநீர்க்கடை வைத்திருக்கிற தம்பி எனக்கு இதுவரை ஒரு சாப்பாடும் விற்றதில்லை. வடை உழுந்துதானே என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, “அதே எண்ணெயிலதான் ரோல்ஸும் பொரிக்கிறன், வேண்டாம் ரீச்சர். பிளேன்ரீ மட்டும் குடியுங்கோ” என்றான். பலசரக்குக் கடைப் பையன் பொடியெழுத்து லேபல்களைத் தொலைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்து வாசித்துவிட்டு, விளங்காதபோது “தெரியாது ரீச்சர்” என்று திருப்பி வைக்கிறான். ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று சொன்னவர்களிடமும் அன்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என்னை நலமாக வைத்திருந்தது இந்த இரண்டு பொடியன்களும் சொன்ன “வேண்டாம்”, “தெரியாது” இரண்டும்தான்.

பங்குத் தந்தைக்கும் அப்படியே. பூசையில் பெறுகிற நற்கருணை அப்பம் கோதுமை. மிகச் சின்னத் துண்டுதான், ஆனாலும் கோதுமை. அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அம்மாதான் கேட்டார். பாதர் உடனே பதில் சொல்லவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். திருச்சபை ஒழுங்கின்படி குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளதற்கு அனுமதி உண்டு. 2017இல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்திலும் அதை நினைவூட்டியிருந்தார்கள் என்று அடுத்த கிழமை விளக்கினார். அப்படிப்பட்ட அப்பம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, திராட்சை இரசத்தை மட்டும் பெற்றாலும் அது முழுமையான நற்கருணைதான் என்றார். பெரிய கிண்ணத்தில் குருவானவர் அப்பத்தின் ஒரு துணுக்கை இடுவது வழக்கம், அதனால் எனக்கு வேறு சிறிய கிண்ணம். பீடப் பணியாளர் தம்பி அதை மறக்காமல் தனியே எடுத்து வைக்கிறான். ஞாயிறு பூசையில் நான் பின்வாங்கில் ஒதுங்கி இருக்க வேண்டி வரவில்லை.

ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்கு: நீ அனுப்பிய மா வகைகளுக்கு நன்றி. “குளூட்டன் இல்லை” என்று போடுவதானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை நீ விளங்கப்படுத்தியதால்தான் லேபல் வாசிக்கவே பழகினேன். அந்தப் பாணை மட்டும் இனி அனுப்பாதே. அதைத் தின்பதைவிட மரவள்ளிக்கிழங்கு எவ்வளவோ மேல்.

தங்கச்சிக்குக் கடைசி நன்றி. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதும், ஒரு குறையும் இல்லாதபோதே நீ போய் இரத்தம் கொடுத்தாய். உனக்கு இல்லை என்று வந்தது. அண்ணை இன்னும் போகவில்லை. விறாந்தையில் பாண் சாப்பிட்டுக்கொண்டே நாளைக்கு நாளைக்கு என்கிறார். இதை எல்லோரும் பார்க்க எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மில்காரர் அண்ணையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த நோய் இருந்தால் திங்கள் விடிய அரிசியோடு வரலாம் என்கிறார். முதல் நாள் இரவே என்னிடம் சொல்லிவிட்டால் அவருக்கு அறிவித்துவிடுவேன். எட்டு மணிக்குப் பிறகு வந்தால் அரைத்துத் தர மாட்டாராம்.

நன்றியுடன்,
விஞ்ஞான ரீச்சர்,
குருநகர், யாழ்ப்பாணம்