தேயிலைக்கு நடுவே காட்டெருமை

கோத்தகிரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் மூன்று மாதமாகியும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, ‘எனக்குத் தைரியம் விட்டுப்போச்சு’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில்தான் மனது நின்றுவிட்டது. இதில் தைரியத்துக்கு வேலையே இல்லையப்பா.

போன வாரம் விடிகாலையில் பால் வாங்கப் போனேன். நல்ல மூடுபனி. தேயிலைக்கு நடுவே பத்தடியில் ஒரு காட்டெருமை! அதுவே சரிவில் இறங்கிப் போய்விட்டது. எனக்கு உடம்பு அடங்க ஒரு மணி நேரம் ஆனது. அடங்கியது என்பதுதான் முக்கியம்.

பயந்ததும் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. வெறும் 41 அமினோ அமிலங்கள். 1981-இல் வைலி வேல் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அதை அடையாளம் காண லட்சக்கணக்கான செம்மறியாடுகளின் மூளைத் துணுக்குகள் தேவைப்பட்டன. இந்த சி.ஆர்.எச். பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் போர்டில் வரைந்த படம்தான்.

எனக்கு அதில் பிடித்தது அடுத்த கட்டம். அந்தக் கார்டிசால் மூளைக்கே திரும்பிப் போகிறது. ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் அதற்கு இரண்டு வகை ஏற்பிகள், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். ஒன்று, கார்டிசால் கொஞ்சம் இருந்தாலே பிடித்துக்கொள்ளும். மற்றது, அளவு நன்றாக ஏறினால்தான் நிரம்பும். அந்த இரண்டாவது வகை ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும்கூட உண்டு. அது நிரம்பும்போதுதான் ‘போதும், நிறுத்து’ என்ற செய்தி போகிறது. கார்டிசாலே தன் பிரேக்கைப் போடுகிறது.

மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகுமே, அப்படித்தான் இதுவும். மாதக்கணக்கில் கார்டிசால் வகை ஹார்மோன் ஏறியே இருந்தால் இந்த ஏற்பிகள் குறைவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்காவிட்டால் சி.ஆர்.எச். அடங்காது; அது மூளைக்குள்ளேயே விழிப்பையும் தூண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தாய்! உன் இரண்டு மணி விழிப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

எதற்கும் டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல். அப்புறம், தங்கை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வாரத்தில் இங்கே கிளம்பி வா. பின்பக்க அறையில் சத்தமே வராது. கம்பளி எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
பாலு